காலனியக் காலப் போர்களும் நுண்ணளவுப் படைச் சிற்றுருவங்களும்

நுண்ணளவுப் படைச் சிற்றுருவங்கள் என்பவை, மேசைமேல் போர் விளையாட்டு ஆடுவதற்காக உலோகத்தில் வார்க்கப்படும் மிகச் சிறிய படைவீரர் உருவங்கள். இவற்றில் ஒரு வீரனின் உயரம் 2 மில்லிமீட்டர் முதல் 6 மில்லிமீட்டர் வரை இருக்கும். சிறியது கடுகின் அளவு. பெரியது ஓர் அரிசி மணியின் நீளம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இது வயது வந்தோர் பலர் ஈடுபடும் பொழுதுபோக்காக உள்ளது. ரோமானியர் காலம் முதல் இரண்டாம் உலகப் போர் வரை எல்லாக் காலத்துப் படைகளுக்கும் இத்தகைய உருவங்கள் உண்டு. அவற்றுள் 19ஆம் நூற்றாண்டின் காலனியப் போர்களுக்கான உருவங்கள் ஒரு தனிப் பிரிவு.

கடுகளவு பொம்மையில் வரலாற்றுக்கு என்ன வேலை என்று மாணவர்கள் கேட்கலாம். ஒரு போரை எந்த அளவில் செய்து பார்க்கிறோமோ, அந்த அளவுக்கு ஏற்பவே அந்தப் போரின் கதையும் மாறுகிறது. அதை எடுத்துக்காட்டுடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் வளர்ச்சியும்

போரை விளையாட்டாக்குவது பழைய வழக்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்தும் சதுரங்கம் இந்தியாவில் பிறந்ததே. ஆனால் சதுரங்கத்தில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. உண்மை நிலப்பரப்பின் மாதிரியில் படைகளை நகர்த்தும் முறையைப் பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் வகுத்தார். அவருடைய மகன் 1824இல் அதைத் திருத்தி, பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கு உரியதாக்கினார். ‘கிரீக்ஸ்பீல்’ என்று பெயர் பெற்ற அந்த விளையாட்டில் மனித உருவங்கள் இல்லை. நிலப்படத்தின்மேல் சிறு கட்டைகளே படைப்பிரிவுகளாக நகர்ந்தன.

பொம்மை வீரர்களின் கதை வேறொரு வழியில் வந்தது. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 18ஆம் நூற்றாண்டிலேயே தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து விற்றார்கள். அந்நகரின் ஹைன்ரிக்சன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 30 மில்லிமீட்டர் என்ற அளவைப் பரவலாக்கியது. இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் என்பவர் 1893இல் உள்ளே வெற்றிடம் உள்ள ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். ஈயம் குறைந்ததால் விலையும் குறைந்தது. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தச் சிவப்புச் சட்டை வீரர்கள் இங்கிலாந்தின் வீடுதோறும் நுழைந்தார்கள். பேரரசு உச்சத்தில் இருந்த காலம் அது. அன்றைய போர்ச் செய்திகளைப் படித்த சிறுவர்கள் அதே போர்களைத் தரையில் பரப்பி ஆடினார்கள்.

எழுத்தாளர்களும் இதற்கு விலக்கல்லர். ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1880களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் தங்கியிருந்தபோது, மனைவியின் மகனுடன் சேர்ந்து பொம்மைப் படைகளை வைத்து நீண்ட போர்களை ஆடினார். எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற விதிநூலை வெளியிட்டார். வில்விசைப் பொம்மைப் பீரங்கியால் சுட்டு எதிரி வீரர்களைச் சாய்ப்பது அவர் முறை. உண்மையான பெரும்போர் எவ்வளவு பெரிய மடமை என்பதை இந்தச் சிறு போரே காட்டிவிடும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது.

இன்றைய வடிவில் இந்தப் பொழுதுபோக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்தது. டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் எழுதிய ‘வார் கேம்ஸ்’ என்னும் நூல் பலரை இதற்குள் இழுத்தது. 1970களில் உருவங்கள் சுருங்கத் தொடங்கின. முதலில் 15 மில்லிமீட்டர் வந்தது. பிறகு 6, 5 மில்லிமீட்டர். கடைசியில் 2 மில்லிமீட்டர். வீட்டில் இடம் குறைவு, கையில் பணம் குறைவு, ஆனால் பெரிய போரை ஆட வேண்டும் என்ற ஆசை மட்டும் குறையவில்லை. அந்த ஆசைக்குக் கிடைத்த வழிதான் நுண்ணளவு.

அளவுக் கணக்கு

ஒரு சிற்றுருவத்தை 6 மில்லிமீட்டர் என்று சொன்னால், அந்த வீரனின் உயரம் அவ்வளவு என்று பொருள். சில தயாரிப்பாளர்கள் பாதம் முதல் உச்சந்தலை வரை அளப்பார்கள். தொப்பியும் தலைக்கவசமும் குழப்புவதால் பலர் பாதம் முதல் கண் வரை மட்டும் அளப்பார்கள். 1.8 மீட்டர் உயரமுள்ள மனிதனை 6 மில்லிமீட்டராக்கினால் விகிதம் 1:300. 2 மில்லிமீட்டராக்கினால் 1:900. இன்று மிகப் பரவலாக உள்ள 28 மில்லிமீட்டர் உருவத்தில் இது ஏறத்தாழ 1:64.

வீரனைச் சுருக்கிய விகிதத்திலேயே நிலத்தையும் சுருக்க முடியுமா? முடியாது. 1.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள மேசையை எடுத்துக்கொள்வோம். அதில் 5.4 கிலோமீட்டர் நீளமும் 3.6 கிலோமீட்டர் அகலமும் உள்ள போர்க்களத்தைக் காட்ட வேண்டுமானால், நிலத்தின் விகிதம் 1:3000. மேசையில் 1 மில்லிமீட்டர் என்பது களத்தில் 3 மீட்டர். இந்தக் கணக்கில் 28 மில்லிமீட்டர் வீரன் 84 மீட்டர் உயரம் நிற்பான். ஏறத்தாழ 72 மீட்டர் உயரமுள்ள திருவரங்கத்து ராஜகோபுரமே அவன் உச்சந்தலைக்குக் கீழே போய்விடும்! 6 மில்லிமீட்டர் வீரன் 18 மீட்டர், அதாவது ஒரு பனைமர உயரம். 2 மில்லிமீட்டர் வீரன் 6 மீட்டர், ஒரு மாடி வீட்டின் உயரம். எந்த அளவும் முழுப் பொருத்தம் ஆகாது. ஆனால் உருவம் சிறுக்கச் சிறுக்க நிலம் தன் உண்மைப் பருமனை மீட்டுக்கொள்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 20 உண்மை வீரர்களுக்கு ஓர் உருவம் என்று வைத்தால், 20,000 பேர் கொண்ட படைக்கு 1,000 உருவங்கள் தேவை. 28 மில்லிமீட்டர் உருவம் ஒன்றுக்கு 2 சென்டிமீட்டர் சதுர இடம் வேண்டும். ஆயிரம் உருவங்கள் மேற்சொன்ன மேசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். பிறகு எங்கே நகர்வது? 6 மில்லிமீட்டரில் 60 × 30 மில்லிமீட்டர் பீடம் ஒன்றில் 24 உருவங்களை ஒட்டலாம். அப்படி 42 பீடங்கள் இருந்தால் ஆயிரம் பேர் ஆகிவிடும். மேசையில் நூற்றுக்கு நான்கு பங்குகூட நிரம்பாது.

வார்ப்பும் வண்ணமும்

சிற்பி முதலில் ஒரு மூல உருவத்தைச் செய்வார். அதை இரண்டு வட்டமான ரப்பர் தட்டுகளுக்கு நடுவில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்தால், ரப்பர் இறுகி அச்சு கிடைக்கும். அச்சைச் சுழலும் எந்திரத்தில் பூட்டி, நடுத்துளையில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். சுழற்சியின் விசையால் உலோகம் விளிம்பில் உள்ள குழிகளுக்குள் பாய்ந்து நிரம்பும். சுவாமிமலை ஐம்பொன் வார்ப்பில் ஒவ்வொரு சிலைக்கும் மண் அச்சை உடைத்தாக வேண்டும். ரப்பர் அச்சு அப்படியன்று. அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். உலோகம் பெரும்பாலும் வெள்ளீயக் கலவை. பழைய உருவங்களில் காரீயம் மிகுதி என்பதால் அவற்றைக் கையாண்டபின் கை கழுவ வேண்டும். இப்போது முப்பரிமாண அச்சுப்பொறியில் பிசினாலும் செய்கிறார்கள்.

6 மில்லிமீட்டரில் வீரர்கள் தனித்தனியாகவோ, சிலர் சேர்ந்த ஒரு பட்டையாகவோ வருவார்கள். 2 மில்லிமீட்டரில் ஒரு படைப்பிரிவு முழுவதும் ஒரே உலோகக் கட்டை. மேற்பரப்பில் தலைகளின் வரிசை மட்டும் புள்ளிகளாகத் தெரியும்.

வண்ணம் தீட்டுவதிலும் அளவு தன் விதியை விதிக்கிறது. சிறிய பொருளின்மேல் நிறம் இருண்டு தெரியும். ஆகவே உண்மைச் சீருடையைவிட வெளிறிய நிறத்தைப் பூசுவார்கள். முகம் என்பது ஒரு புள்ளி. 1879இல் சூலு நாட்டில் போரிட்ட பிரிட்டிஷ் வீரர்கள், தூரத்திலிருந்து குறி வைக்க உதவும் என்று அஞ்சித் தங்கள் வெள்ளைத் தலைக்கவசங்களைத் தேயிலைச் சாற்றால் கறையாக்கிக்கொண்டார்கள். பெரிய உருவத்தில் அந்தப் பழுப்பை அப்படியே காட்டலாம். 6 மில்லிமீட்டரில் பழுப்பைப் பூசினால் தலைக்கவசமே கண்ணில் படாது. எனவே சிலர் தெரிந்தே வெள்ளையை வைக்கிறார்கள்.

இசாண்டல்வானா: ஒரு சான்று

அளவு மாறினால் கதை மாறும் என்பதற்கு 1879ஆம் ஆண்டின் ஆங்கில–சூலு போர் நல்ல சான்று. இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருந்த சூலு அரசின்மேல் பிரிட்டன் அந்த ஆண்டு ஜனவரியில் படையெடுத்தது. மன்னர் செட்சுவாயோ போரை விரும்பவில்லை. அவரால் ஏற்கவே முடியாத நிபந்தனைகளை விதித்துப் போரை வலிந்து தொடங்கியவர்கள் காலனிய அதிகாரிகளே.

ஜனவரி 22 அன்று இரண்டு மோதல்கள் நடந்தன. முதலாவது இசாண்டல்வானா. தளபதி செல்ம்ஸ்ஃபோர்டு அதிகாலையிலேயே படையின் பெரும்பகுதியுடன் சூலுக்களைத் தேடிப் போய்விட்டார். இசாண்டல்வானா குன்றின் அடியில் இருந்த பாசறையில் ஏறத்தாழ 1,700 பேர் எஞ்சினர். பீரங்கி இரண்டு, காலாட்படையின் கையில் மார்ட்டினி–ஹென்றி துப்பாக்கிகள். பாசறையைச் சுற்றி அரண் எதுவும் அமைக்கப்படவில்லை. ஏறத்தாழ 20,000 பேர் கொண்ட சூலு படை சில கிலோமீட்டர் தொலைவில் மேட்டுநிலத்துக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கில் ஓசையின்றி அமர்ந்திருந்தது. முற்பகலில் பிரிட்டிஷ் குதிரை வீரர்கள் தற்செயலாக அதைக் கண்டார்கள். உடனே சூலு படை எழுந்து பரவியது. மாலைக்குள் பாசறை வீழ்ந்தது. பிரிட்டிஷ் தரப்பில் 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சூலுக்களிலும் ஆயிரம் பேருக்குக் குறையாமல் இறந்தனர்.

இரண்டாவது மோதல் அன்று மாலை தொடங்கி இரவெல்லாம் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிறு நிலையத்தில் நடந்தது. ஏறத்தாழ 150 பேர் மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கி அரணாக்கி, 3,000க்கும் மேற்பட்ட சூலு வீரர்களை எதிர்த்து நிலையத்தைக் காத்தனர். அதற்காக 11 விக்டோரியா சிலுவைகள் வழங்கப்பட்டன. 1964இல் ‘சூலு’ என்ற ஆங்கிலத் திரைப்படம் இதை உலகறியச் செய்தது.

பெரிய உருவங்களை வைத்து ஆடுவோருக்கு ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்றால் தனிப் பிரியம். காரணம் எளிது. 150 பேரையும் ஒருவருக்கு ஓர் உருவம் என்று செய்து வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் முகம் தீட்டலாம், பெயர் சொல்லலாம். ஆனால் எதிரே வரும் மூவாயிரம் பேரை அப்படிச் செய்ய முடியாது. சில நூறு உருவங்களை வைத்து, விழுந்தவர்களையே மீண்டும் மேசையின் ஓரத்திலிருந்து கொண்டுவருவார்கள். ஆக, ஒரு பக்கம் பெயருள்ள மனிதர்கள். மறுபக்கம் தீராமல் வரும் அலை. வென்றவன் எழுதிய கதை பொம்மையின் அளவிலேயே குடியேறிவிடுகிறது.

இசாண்டல்வானாவை 6 அல்லது 2 மில்லிமீட்டரில் பரப்பிப் பார்த்தால் காட்சி வேறு. சூலு படை கூட்டமாக ஓடிவரவில்லை என்பது முதல் பார்வையிலேயே விளங்கும். அவர்களுடைய வியூகத்துக்கு எருதின் கொம்புகள் என்று பெயர். நடுவில் மார்பு நேராக முன்னேறி எதிரியைக் கட்டிப்போடும். இளைஞர்களைக் கொண்ட இரு கொம்புகள் பக்கவாட்டில் விரைந்து வளைக்கும். இடுப்பு என்னும் பின்படை தேவைக்காகக் காத்திருக்கும். அன்று இடக்கொம்பை டர்ன்ஃபோர்டின் குதிரை வீரர்கள் ஓர் ஓடைப் பள்ளத்தில் சிறிது நேரம் தடுத்தனர். வலக்கொம்போ குன்றுக்குப் பின்புறமாகச் சுற்றிவந்து, பாசறையிலிருந்து திரும்பும் பாதையை அடைத்தது. பிரிட்டிஷ் வரிசை அளவுக்கு மீறி நீண்டு, நடுவே இடைவெளி விழுந்து நின்றதும் மேசையில் கண்ணுக்குத் தெரியும். பல கிலோமீட்டர் பரப்பில் கட்டளைக் கம்பியோ கொடிச் செய்தியோ இல்லாமல் இருபதாயிரம் பேரை இணைந்து நகர்த்துவது சிறிய வேலையா? அந்தப் படையை நடத்திய மூத்த தளபதி இன்ட்சிங்வாயோ. தளபதி ஒருவர் இருந்தார், அவரிடம் திட்டம் ஒன்று இருந்தது என்பதை நுண்ணளவு உருவங்கள் காட்டுகின்றன.

அரசின் முடிவு வேறாயிற்று. ஜூலை 4 அன்று உலுண்டியில் பிரிட்டிஷார் சதுர வியூகம் அமைத்து, கேட்லிங் துப்பாக்கிகளுடன் சூலு படையை முறியடித்தனர். செட்சுவாயோ ஆகஸ்டில் சிறைபிடிக்கப்பட்டார்.

மேசையில் நாற்காலி இல்லாதவர்கள்

நுண்ணளவுக்கும் ஒரு குறை உண்டு. அளவு சிறுத்தால் இரு தரப்பிலும் முகம் மறைகிறது. இறந்தவர்கள் என்றால் மேசையிலிருந்து எடுத்து வைக்கும் ஒரு பீடம், அவ்வளவுதான். 1898 செப்டம்பர் 2 அன்று சூடானின் ஓம்துர்மானில் கிச்சனரின் படை மாக்சிம் எந்திரத் துப்பாக்கிகளோடும் பீரங்கிகளோடும் நின்றது. எதிரே வந்த மஹ்திப் படையில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். கிச்சனர் தரப்பில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இதை விளையாட்டு என்று எப்படி ஆடுவது? ஒரு தரப்புக்கு வெற்றி வாய்ப்பே இல்லாத ஆட்டத்தில் யார் உட்காருவார்?

விதி வகுப்போர் இதற்குப் பல வழிகளைக் கண்டார்கள். பகடை எண்களை மாற்றி இரு தரப்பையும் சமமாக்குவது ஒன்று. அதில் ஆட்டம் சுவையாகும், வரலாறு பொய்யாகும். இன்னொரு வழியை ஹோவர்ட் ஒயிட்ஹவுஸ் தம் சூடான் போர் விதிகளில் கையாண்டார். அதில் ஆடுவோர் அனைவரும் பிரிட்டிஷ் அதிகாரிகள். எதிர்த்தரப்பை நடுவரே நகர்த்துவார். ஆட்டம் நன்றாகவே நடக்கும். ஆனால் தம் நாட்டுக்காகப் போரிட்டவர்களுக்கு மேசையில் ஒரு நாற்காலிகூட இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பெயரிடுவதிலும் இதே நிலைதான். பிரிட்டிஷ் படைக்கு எந்த ரெஜிமென்ட், எந்த ஆண்டு, என்ன காலர் நிறம் என்று நுணுக்கம் காட்டப்படும். எதிர்த்தரப்பைப் பல விதிநூல்கள் ‘நேட்டிவ்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். உண்மையில் சூலுக்களுக்கும் வயது வாரியாக அமைந்த ரெஜிமென்ட்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. கேடயத் தோலின் நிறமும் பொதுவாக அதற்கேற்ப அமைந்தது: இளைஞர்களுக்குக் கறுப்பு மிகுந்தும், மூத்தவர்களுக்கு வெள்ளை மிகுந்தும் இருக்கும். கவனமுள்ள இன்றைய ஆர்வலர்கள் 6 மில்லிமீட்டரிலும் அந்த வேறுபாட்டைத் தீட்டுகிறார்கள். ஒரு தூரிகைப் புள்ளிதான். ஆனால் கூட்டம் படையாக மாறுவது அந்தப் புள்ளியில்தான்.

தமிழர் தொடர்பு

இந்தப் போர்களில் நமக்குப் பங்கில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. 1885 மார்ச் 22 அன்று சூடானின் செங்கடற்கரையை அடுத்த தோஃப்ரெக்கில், முள்வேலி அமைத்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ்–இந்தியப் படையை மஹ்தி வீரர்கள் திடீரெனத் தாக்கினார்கள். அங்கிருந்த பிரிவுகளுள் சென்னை மாகாணத்து மெட்ராஸ் சாப்பர்ஸும் ஒன்று. ‘தம்பிகள்’ என்று இன்றும் செல்லமாக அழைக்கப்படும் படை அது. தம் நாட்டை ஆண்ட அதே அரசுக்காக, தமக்கு எந்தத் தீங்கும் செய்யாத மக்களோடு அவர்கள் போரிட்டார்கள். இசாண்டல்வானா பாசறையிலும் ஏறத்தாழ பாதிப் பேர் ஆப்பிரிக்கர்களே. ‘வெள்ளையர் ஒருபுறம், மற்றவர் மறுபுறம்’ என்ற எளிய கோடு மேசையிலும் செல்லாது, வரலாற்றிலும் செல்லாது.

நம் மண்ணிலும் காலனியப் போர்க்களங்கள் உள்ளன. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட்டின் படை லாலியின் பிரெஞ்சுப் படையை வென்றது. இசாண்டல்வானாவின் அதே தேதி, 119 ஆண்டுகளுக்கு முன். இரு தரப்பிலும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் அதே கூட், தம் படையைப் போலப் பல மடங்கு பெரிய ஹைதர் அலியின் படையை எதிர்கொண்டார். இவையும் பெரும் பரப்பில் நடந்த போர்கள், நுண்ணளவுக்கு ஏற்றவை.

வகுப்பறையில் செய்து பார்க்க

இதற்கு வெளிநாட்டுப் பொம்மைகள் தேவையில்லை. ஒரு பழைய போஸ்டர் தாளின் பின்புறத்தில் இசாண்டல்வானா குன்றையும் பாசறையையும் ஓடைப் பள்ளத்தையும் வரையலாம். நூறு பேருக்கு ஒரு புளியங்கொட்டை என்று வைத்தால் சூலு படைக்கு 200 கொட்டைகள். பிரிட்டிஷ் தரப்புக்கு 17 பட்டாணி போதும். முதலில் கொட்டைகளை ஒரே குவியலாக வைத்துப் பாசறையை நோக்கி நகர்த்தட்டும். பிறகு அதே கொட்டைகளை மார்பு, இரு கொம்புகள், இடுப்பு என்று பிரித்து நகர்த்தட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களே சொல்வார்கள்.

ஆட்டம் முடிந்தபின் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அன்று இறந்தவர்களின் கணக்குப்படி 13 பட்டாணியையும் 10 புளியங்கொட்டையையும் தாளிலிருந்து எடுத்துத் தனியே வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் நூறு பேர். எடுத்து வைக்கும் மாணவர் அந்த எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லி வைக்கட்டும்.